கார்புரேட்டரைக் கழற்றி இன்ஜெக்ஷன் வைக்கலாமா? டர்பனிலிருந்து ஒரு கணக்கு

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை ஏறக்குறைய 570 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். காரில் போகிறவர்களுக்கு இது காது அடைப்பதோடு சரி. காற்றோடு பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு மூயி ரிவர் ஊரைத் தாண்டும்போதே தெரிய ஆரம்பித்துவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி இழுக்காது. எஞ்சின் சத்தம் மந்தமாகும். வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித்தில் நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி பிடித்துக் கறுத்திருக்கும்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அம்மா அப்பா, ஜோகன்னஸ்பர்க் லெனேசியாவில் அண்ணன் அண்ணி என்று குடும்பம் மேலேயும் கீழேயும் பிரிந்து கிடப்பவர்கள் நம்மில் நிறைய. அவர்களில் பழைய சுசுகி டிஆர்650, கவாசாகி கேஎல்ஆர்650, யமஹா எக்ஸ்டி500 போன்ற வண்டிகளை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு, கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வைத்தால் என்ன? வைக்கலாம். வீட்டுக் கராஜிலேயே வைத்து ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால் இதை விரும்புகிற பலர் கிடைக்காத பலனை எதிர்பார்க்கிறார்கள்; சிரமம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. சக்தி கூடும், பெட்ரோல் மிச்சமாகும் என்று நினைக்கிறார்கள். உண்மையான லாபம் உயரம் மாறும் சாலையில்தான் இருக்கிறது. பெட்ரோலைப் பீய்ச்சுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். கஷ்டமெல்லாம் மின்சாரத்தில் இருக்கிறது.

முதலில் கார்புரேட்டர் ஏன் மலை ஏறும்போது தடுமாறுகிறது என்று பார்ப்போம். அதற்குள் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகிறது. அங்கே வேகம் கூடுவதால் அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவு, கீழே ஃப்ளோட் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஜெட் துளை வழியாக மேலே இழுக்கிறது. கம்பி இல்லை, பாட்டரி வேண்டாம், நூறு ஆண்டுக்கு மேல் உலகத்தை ஓட்டிய ஏற்பாடு. ஒரே குறை, காற்றின் எடையை அது சரியாகக் கணக்கெடுப்பதில்லை. எஞ்சினுக்கு வேண்டியதோ எடைக்கணக்கு. 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் சேர்ந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். முழு ஆக்சிலேட்டரில் நல்ல இழுவை வேண்டுமானால் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி 13க்கு 1 என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஜோபர்க் என்று நாம் சொல்லும் ஜோகன்னஸ்பர்க்கின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் சுமார் 84 சதவீதம்தான். எஞ்சின் அதே கொள்ளளவுக் காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அதன் எடை 16 சதவீதம் குறைந்துவிட்டது. ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அதே அளவு குறைந்தால் பிரச்சினையே இல்லை. அது குறைவதோ அடர்த்தியின் வர்க்கமூலக் கணக்கில். அதாவது 8 சதவீதம் மட்டும். டர்பனில் 13க்கு 1 என்று கச்சிதமாக வைத்த வண்டி அங்கே 12க்கு 1 என்று ஆகிவிடும். லெசோத்தோ எல்லையில் சானி பாஸ் உச்சி 2,876 மீட்டர். அங்கே ஏறினால் 11.3க்கு 1. கறுப்புப் புகையும் பிளக்கில் கரியும் இதனால்தான். டிஆர்650இல் இருக்கும் மிக்குனி பிஎஸ்டி40 மாதிரியான வேக்குவம் கார்புரேட்டர்கள் மெல்லிய காற்றில், காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைக் குறைவாகத் தூக்கி இதை ஓரளவு சமாளிக்கும். ஓரளவுதான்.

ஏறும்போது வண்டி திணறும், அவ்வளவுதான், உடையாது. பயப்பட வேண்டியது இறங்குவதற்கு. ஜோபர்க்கிலேயே இருக்கும் வண்டிக்கு அங்கத்து மெக்கானிக் சின்ன ஜெட் போட்டுச் சரிசெய்திருப்பார். டிசம்பர் விடுமுறையில் ஜோபர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணமே கிளம்பி டர்பன் கடற்கரைக்கு வருமே, அந்தக் கூட்டத்தோடு இந்த வண்டியும் இறங்குகிறது. இப்போது கணக்கு தலைகீழாகும். 13க்கு 1 என்று இருந்தது 14க்கு 1ஐத் தாண்டிவிடும். நடுத்தர வேகத்தில் இது பரவாயில்லை. முழு ஆக்சிலேட்டரில், அடர்ந்த காற்றில், கோடை வெயிலில், பின்னால் ஆளும் மூட்டையும் வைத்துக்கொண்டு ஓட்டினால் எஞ்சின் தலை சூடேறிவிடும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. உள்நாட்டு மேட்டுநிலத்தில் 93 ஆக்டேன் பெட்ரோல் விற்கிறார்கள், கடற்கரையில் 95. காற்று மெல்லியதாக இருக்கும் இடத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் அங்கே 93 போதும். அந்த 93ஐ டாங்க் நிறைய ஊற்றிக்கொண்டு, பெட்ரோல் குறைவாகக் கலக்கும் ஜெட்டோடு கடல் மட்டத்துக்கு வந்தால் எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்கும். கம்ப்ரெஷன் குறைவான பழைய எஞ்சின்கள் தாங்கிக்கொள்ளும். கம்ப்ரெஷன் கூட்டிய வண்டிகளில் பிஸ்டனுக்கே சேதம் வரலாம்.

இன்ஜெக்ஷன் இங்கேதான் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. அதில் காற்று பெட்ரோலை இழுப்பதில்லை. ஒரு பம்ப் பெட்ரோலை வழக்கமாக 3 பார் அழுத்தத்தில் வைத்திருக்கும். இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு வால்வு. எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைக்க வேண்டும் என்பதை இசியு எனப்படும் சின்னக் கணினி முடிவு செய்யும். 650 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் முழு ஆக்சிலேட்டரில் ஒரு தடவை மூச்சிழுக்கும்போது அதற்குத் தேவை ஏறத்தாழ 0.07 மில்லிலிட்டர், ஒன்றரைச் சொட்டு. நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் விடும் இன்ஜெக்டர் அதை 16 அல்லது 17 மில்லிசெகண்டில் கொடுத்துவிடும். 6,000 சுற்றில் அடுத்த மூச்சுக்கு 20 மில்லிசெகண்ட் இருக்கிறது. அதனால் நேரம் போதும். கொஞ்சம் கைவசமும் இருக்கும். இன்ஜெக்டரைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு எளிய கணக்குதான். வெளியே காற்றழுத்தம் குறைந்தால் திறக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம். ஜெட் மாற்றத் தேவையில்லை.

கூடவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்ஜெக்ஷன் வைத்த வண்டியும் ஜோபர்க்கில் சக்தி இழக்கும். ஆறில் ஒரு பங்கு காற்று இல்லாத இடத்தில் ஆறில் ஒரு பங்கு சக்தியும் இருக்காது. டர்போ வைத்தாலொழிய அதற்கு மருந்து இல்லை. இன்ஜெக்ஷன் செய்வது கலவையைச் சரியாக வைப்பது மட்டும். கடற்கரையிலேயே ஓடும் வண்டியில், நன்றாக டியூன் செய்த கார்புரேட்டருக்கும் இதற்கும் நெடுஞ்சாலை மைலேஜில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

வண்டி கம்பெனிகளும் சக்திக்காக மட்டும் இதற்கு மாறவில்லை. கவாசாகி 1980லேயே இசட்1000இல் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வைத்தது. பிஎம்டபிள்யூ 1983இல் கே100இல் வைத்தது. அதற்கப்புறமும் பல ஆண்டுகளுக்குச் சாதாரண வண்டிகளில் கார்புரேட்டர்தான் ஓடியது, மலிவாக வேலை நடந்ததால். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பிறகுதான் மாற்றம் எல்லா வண்டிக்கும் வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யக் கலவை 14.7க்கு 1ஐ ஒட்டியே நிற்க வேண்டும், அதைக் கார்புரேட்டரால் தொடர்ந்து பிடித்து வைக்க முடியாது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததும் நூறு சிசி வண்டிகூட இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது. நமக்கு ஆறுதலான உதாரணம் கேஎல்ஆர்650. 1987இலிருந்து 2018 வரை கார்புரேட்டரோடு வந்த அதே ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு 2022 மாடலில் கவாசாகியே இன்ஜெக்ஷன் வைத்து விற்றது.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். இன்ஜெக்டருக்கு மின்சாரம் கொடுத்த உடனே அது திறந்துவிடாது. சுருள் காந்தமாகி, உள்ளே இருக்கும் ஊசியைத் தூக்க ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் ஆகும். பாட்டரி 14 வோல்ட்டில் இருந்தால் இந்தக் கணக்கு. 10 வோல்ட்டுக்கு இறங்கினால் தாமதம் ஒன்றரை மில்லிசெகண்டையும் தாண்டும். முழு வேகத்தில் 16 மில்லிசெகண்ட் திறக்கும்போது அரை மில்லிசெகண்ட் பிசகினால் யாருக்கும் தெரியாது. ஆக்சிலேட்டரை விட்டு எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலில் இன்ஜெக்டர் திறப்பதே மூன்று மில்லிசெகண்ட் போலத்தான். அங்கே அரை மில்லிசெகண்ட் என்றால் பெட்ரோலில் ஆறில் ஒரு பங்கு. ஹெட்லைட் போட்டதும் ஐடில் விழுகிறது, இண்டிகேட்டர் மின்னும்போதெல்லாம் எஞ்சினும் கூடவே துள்ளுகிறது என்று மாற்றிய வண்டிகளைப் பற்றி வரும் புகார்களில் பல இதில் போய் முடிகின்றன. இசியுவில் வோல்ட்டேஜுக்கு ஏற்றபடி நேரத்தைத் திருத்தும் அட்டவணை இருக்கும். அந்த இன்ஜெக்டருக்குரிய எண்களை அதில் போடாமல் வேறு என்ன டியூன் செய்தாலும் வீண்.

இதற்கு முன்னாலேயே கேட்க வேண்டிய கேள்வி, பழைய வண்டியால் அவ்வளவு மின்சாரம் உற்பத்தி செய்ய முடியுமா என்பது. பம்ப் மட்டும் 40 முதல் 50 வாட் குடிக்கும். இசியு, இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர், இக்னிஷன் காயில் எல்லாம் சேர்ந்தால் நூறு வாட் பக்கம் வந்துவிடும். அதற்கு மேல் ஹெட்லைட். 1969இல் வந்த ஹோண்டா சிபி750இன் ஆல்டர்னேட்டர் 210 வாட், அதுவும் நல்ல வேகத்தில் சுற்றும்போது; அது சமாளிக்கும். பழைய ஆங்கில வண்டிகளில் இருந்த லூக்காஸ் டைனமோ 6 வோல்ட்டில் 60 வாட்தான். தாத்தா காலத்து வண்டி என்று ஆசையாக வைத்திருக்கும் அந்த மாதிரி வண்டியில் இன்ஜெக்ஷன் வைக்க நினைப்பதை விட்டுவிடுவது நல்லது. டைனமோ, வயரிங், பாட்டரி எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அது தாத்தா வண்டியாக இருக்காது.

அப்புறம் சிக்னல். எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று தெரிந்தால்தான் கணினி பெட்ரோல் விடும். அதற்காக கிராங்க் என்ற சுழலும் தண்டோடு ஒரு பல் சக்கரம் பொருத்துவார்கள். உதாரணமாக, பன்னிரண்டு பல்லில் ஒன்றை வெட்டி எடுத்திருக்கும். அந்த இடைவெளி வரும்போது கணினி கணக்கைப் புதிதாகத் தொடங்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது சிரமமில்லாமல் நடக்கும். பெரிய ஒற்றை சிலிண்டரில், ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரெஷன் மேட்டில் கிராங்க் கிட்டத்தட்ட நின்று பிறகு பாயும். வேகம் இப்படித் தாறுமாறாக மாறும்போது எது வெட்டிய பல், எது மெதுவாக வந்த பல் என்று கணினிக்குக் குழப்பம். மேக்னட் சென்சாருக்குப் பதில் ஹால் சென்சார் வைத்தால் மெதுவான சுற்றிலும் சிக்னல் தெளிவாக வரும். ரெசிஸ்டர் இல்லாத பழைய வகை பிளக்கும் கேப்பும் இருந்தால் ஒவ்வொரு பொறியும் ரேடியோ இரைச்சலாக வயரில் ஏறி, இல்லாத பல்லை இருப்பதாகக் காட்டும். சில்லறை விலையில் கிடைக்கும் ரெசிஸ்டர் பிளக் இதைத் தடுக்கும். எர்த் வயர்களை எஞ்சினில் ஒரே இடத்தில் சேர்த்துப் பிடிப்பதும் அப்படித்தான்.

டர்பன் ஆட்களுக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். கார்புரேட்டர் வண்டியில் ஒரு லைட் எரியாமல் போகும், அவ்வளவுதான். இன்ஜெக்ஷன் வண்டியில் அதே களிம்பு வெப்பச் சென்சாரின் ரெசிஸ்டன்ஸைக் கூட்டிக் காட்டும். கணினி எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது என்று நம்பி பெட்ரோலைக் கொட்டும். ரப்பர் சீல் உள்ள கனெக்டருக்கே பணம் செலவழியுங்கள். ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துப் பழைய மெக்கானிக் அண்ணன்மார், கார்ப்பு கெட்டால் ரோட்டோரத்திலேயே ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சரிசெய்துவிடலாம் தம்பி என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பாட்டரி செத்த கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப்பை ஓட்ட மின்சாரம் இல்லையென்றால் எவ்வளவு தள்ளினாலும் வேர்வைதான்.

உயரத்தைக் கணினி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை; இந்த வேலையையே உயரத்துக்காகச் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பல சிலிண்டர் எஞ்சினில் இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளந்து காற்றின் எடையைக் கணக்கிடுவார்கள். ஒற்றை சிலிண்டரில் அந்த அழுத்தம் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் ஆடும். சரியான தருணத்தில் படித்தால்தான் உபயோகம். அதனால் வீட்டில் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது என்ற இரண்டை மட்டும் வைத்து, எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று அட்டவணை போடுவார்கள். ஓட்டுவதற்கு இது இதமாக இருக்கும். ஆனால் அதற்குக் காற்றழுத்தமே தெரியாது, கார்புரேட்டரைவிட மோசம். அதைத் திருத்த ஒரு அழுத்தச் சென்சார் வேண்டும். மலிவான அமைப்புகளில் சாவி போட்டதும், எஞ்சின் ஓடுவதற்கு முன்னால், அந்தச் சென்சாரை ஒரு தடவை படித்து வைத்துக்கொள்வதோடு சரி. டர்பனில் சாவி போட்டு நிறுத்தாமல் ஹாரிஸ்மித் வரை ஏறினால் கணினி இன்னும் கடற்கரையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். வெளிக்காற்றைத் தொடர்ந்து படிக்கத் தனியாக இரண்டாவது சென்சார் வைக்க இடமுள்ள இசியுவாகப் பார்த்து வாங்குவதுதான் வழி. மைக்ரோஸ்குவர்ட், ஆர்டுயினோ பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ போன்றவற்றில் அதற்கு வசதி உண்டு.

பெட்ரோல் பக்கம் அதிகம் சொல்ல இல்லை. டாங்கின் அடியில் துளை போட்டுப் பம்ப்பை உள்ளே இறக்கலாம், அல்லது பம்ப்பை வெளியே வைத்து மிச்சப் பெட்ரோல் திரும்பி வர ஒரு குழாய் பொருத்தலாம். முதல் வழியில் டாங்கை வெல்டிங் செய்ய நேரும். காலி டாங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கக்கூடியது, ஆகவே அந்த வேலையை அது தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். குழாய் கார்புரேட்டருக்குப் போட்ட சாதாரண ரப்பர் குழாயாக இருக்கக் கூடாது. 3 பார் அழுத்தத்தில் அது பிய்த்துக்கொண்டால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் மழை. கடலோர ஊர்களில் நாளாக நின்ற டாங்குக்குள் துரு இருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் இன்ஜெக்டரை இணைத்தால் அதன் நுண்ணிய வடிகட்டி சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் பொருத்தி எஞ்சின் ஓடிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி அட்டவணையை நிரப்புவது. சைலன்சர் குழாயில், கலவையின் அளவைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வைத்து, லேப்டாப்பையோ பதிவுக் கருவியையோ கட்டிக்கொண்டு ஓட்டி, எந்தக் கட்டத்தில் கலவை எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் மூட்டில் காற்று கசிந்தால் அது பொய் சொல்லும். முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். சூடான எஞ்சினுக்கு அட்டவணை போடுவது பொறுமை இருந்தால் முடிந்துவிடும். இழுத்தடிப்பது குளிர் ஸ்டார்ட். கார்புரேட்டரில் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது என்பது நம் கைக்குத் தெரியும். அந்தக் கைப்பழக்கத்தை எண்களாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனியாக. ஒரு காலையில் ஒரு தடவைதான் எஞ்சின் உண்மையில் குளிர்ந்திருக்கும். டர்பனில் குளிர்காலமே குளிர்காலம் மாதிரி இருக்காது. ஜூலையில் உள்நாட்டு மேட்டுநிலமான ஃப்ரீ ஸ்டேட்டில் வண்டி மேல் உறைபனி படிந்திருக்கும் காலைக்கான எண்ணை இங்கே உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. போதாததற்கு 2023 மாதிரி மின்வெட்டு வந்தால் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும் வரைதான் டியூனிங். பொறியின் நேரத்தையும் கணினியிடமே கொடுத்துவிடலாம் என்று ஆசை வரும். முதல் சுற்றில் வேண்டாம். பொறி கொடுக்கும் பழைய சிடிஐ பெட்டி அப்படியே இருக்கட்டும், பெட்ரோலை மட்டும் மாற்றுங்கள். கோளாறு வந்தால் எங்கே தேடுவது என்றாவது தெரியும்.

அப்படியானால் யார் செய்யலாம்? டர்பனிலும் வடக்குக் கடற்கரையிலும் மட்டும் ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை; அந்தப் பணத்துக்குக் கார்புரேட்டரை முழுதாகப் பிரித்துப் புது ஜெட், ஊசி, ரப்பர் எல்லாம் போட்டுவிட்டு மீதியில் டயரும் வாங்கலாம். ஜோபர்க்கிலேயே நிற்கும் வண்டிக்கும் சரியான ஜெட் போதும். டிராக்கன்ஸ்பர்க் மலைகளில் அடிக்கடி ஏறி இறங்குகிறவர், டர்பனுக்கும் லெனேசியாவுக்குமாக ஆண்டு முழுக்க ஓடுகிறவர், 12 வோல்ட்டில் இருநூறு வாட் போலக் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி வைத்திருப்பவர், இவர்களுக்கு நான் செய்யச் சொல்வேன். செலவு பழைய வண்டியின் விலையை நெருங்கினாலும் வியப்பில்லை என்று தெரிந்துகொண்டு.

எடுத்த எடுப்பில் கிட் வாங்க வேண்டாம். வைட்பேண்ட் சென்சாரையும் அதன் மீட்டரையும் மட்டும் வாங்கி, சைலன்சரில் ஒரு நட் வெல்டிங் செய்து, இருக்கிற கார்புரேட்டரோடே பொருத்துங்கள். ஹெட்லைட்டைப் போட்டு ஐடிலில் பாட்டரியை ஒரு தடவை வோல்ட்மீட்டரில் பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் முதல் செலவு சார்ஜிங்குக்கு. அப்புறம் என்3இல் ஒரு தடவை மேலே போய் வாருங்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க், மூயி ரிவர், வான் ரீனன் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரே வேகத்தில், ஒரே அளவு ஆக்சிலேட்டரில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். கலவை லேசாகத்தான் நகர்கிறது, ஓட்டத்திலும் தொந்தரவு இல்லை என்றால் ஊசியின் கிளிப்பை ஒரு படி மாற்றுவதோடு விஷயம் முடிந்துவிடலாம். பெரிதாக நகர்ந்தால் அந்தச் சென்சாரை எப்படியும் இன்ஜெக்ஷனுக்கு வாங்கித்தான் ஆக வேண்டும், காசு வீணாகவில்லை.